எந்த விளையில் உள்ள ஆள்?

நெய்யாற்றின்கரையில் பேருந்து ஏறித் தெற்கே வரும்போது வழியில் வரும் ஊர்ப்பெயர்களைச் சற்றுக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை, களியக்காவிளை. ஐந்து பெயரில் மூன்று, விளை என்று முடிகிறது. இவை நெடுஞ்சாலை அறிந்த விளைகள் மட்டுமே. எந்த இடத்தில் இறங்கி உள்ளே நடந்தாலும் விளைக்குள் விளையாகப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்: தெக்கேவிளை, மேலேவிளை, பிலாவிளை, புளியவிளை, குழிவிளை, சரல்விளை, பள்ளிவிளை. இவற்றில் பெரும்பாலானவை ஊர்களே அல்ல. ஐம்பது சென்ட், ஒரு ஏக்கர், அதில் ஒரு வீடு, அந்த வீட்டிலிருந்து பிரிந்த நாலைந்து வீடு, அவ்வளவுதான்.

புதிதாக ஒரு பையனைப் பார்க்கும் முதியவர் இங்கே முதலில் கேட்பது பெயரை அல்ல. "மக்ளே, நீ எந்த விளையில உள்ள ஆளு?" "தெக்கேவிளை, பாட்டா." அந்த ஒரு சொல்லில் அவருக்கு எல்லாம் கிடைத்துவிடும்: பையனின் அப்பன், அப்பனின் அப்பன், அந்த வீட்டில் பெண் எடுத்தவர், கொடுத்தவர், எல்லைத் தகராறில் வழக்குப் போட்டவர். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இல்லாத இடத்தில் குடும்பத்தின் வரலாறு நிலத்தின் பெயரில் போய் உட்கார்ந்துகொண்டது. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துத் தமிழ்நாடு-கேரள எல்லைக் கிராமங்களில் எவருடைய முன்னோரைத் தேடிப் போனாலும் முதலில் எதிர்ப்படுவது ஆளல்ல, ஒரு விளைதான்.

பொதுத்தமிழில் விளை என்பது வினை. நெல் விளைந்தது என்கிறோம். தீமை விளைந்தது என்கிறோம். நிலத்தைச் சொல்ல வேண்டுமானால் விளைநிலம், விளைபுலம் என்று இன்னொரு சொல்லைச் சேர்த்தாக வேண்டும். தெற்கே மட்டும் அந்தத் துணை தேவைப்படவில்லை. வேர்ச்சொல்லே மண்ணின் பெயராக நிற்கிறது. "விளைக்குப் போயிருக்காரு", "விளையில ரெண்டு மூடு மரச்சீனி நிக்கிது" என்று சொன்னால் எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். மலையாளத்திலும் விள என்ற சொல்லுக்குப் பயிர், விளைச்சல் என்பதே பொதுப்பொருள். கேரளத்தின் தென்கோடியில் உள்ளவர்கள் பேச்சில்தான் அது வீட்டைச் சுற்றிய தோட்ட நிலத்தையும் குறிக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே சொல், ஒரே பொருள். இரண்டு மொழிக்கும் பொதுவான இந்தத் தனிப்பொருளுக்கு இரண்டு மொழியும் பிரிவதற்கு முந்திய வயது இருக்க வேண்டும் என்று ஊகிக்கத் தோன்றும். ஊகிக்க வேண்டியதில்லை, செப்பேட்டுச் சான்றே இருக்கிறது.

கி.பி. 866-இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் வெளியிட்ட செப்பேடு திருவிதாங்கூர் அரசின் தலைமைச் செயலகமான ஹஜூர் கச்சேரியில் பாதுகாக்கப்பட்டிருந்தது. டி. ஏ. கோபிநாத ராவ் அதைத் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். மன்னன் ஒரு விஷ்ணு கோயில் கட்ட விரும்புகிறான். அதற்கான இடம் மிஞ்சிறைச் சபையாரின் கையில் இருக்கிறது. இன்றைய முஞ்சிறைதான் அது, புதுக்கடைக்குப் பக்கத்தில். மன்னன் அதைப் பிடுங்கவில்லை. தன் நிலத்தைக் கொடுத்து மாற்றாக அந்த இடத்தை வாங்குகிறான். கோயில் எழுப்பிப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, காந்தளூர்ச் சாலை என்ற கல்விநிலையத்தின் முறைப்படி, சட்டர் எனப்படும் 95 மாணவர்கள் தங்கிப் படிக்கும் சாலையையும் அங்கே அமைக்கிறான். கோயிலும் சாலையும் எழுந்த அந்தத் துண்டு நிலத்தின் பழைய பெயர் செப்பேட்டில் இருக்கிறது: உழக்குடிவிளை.

முதன்முதலில் இதைப் படித்தபோது கோயிலையும் சாலையையும் விட்டுவிட்டு அந்தப் பெயரிலேயே என் மனம் நின்றுவிட்டது. ஏறத்தாழ 1,160 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு நிலப்பெயர், இன்றைக்குப் பாறசாலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்கிற ஒருவரின் வாயிலிருந்து வந்தது போலவே இருக்கிறது. மன்னன் வைத்த பார்த்திவசேகரபுரம் என்ற பெயரும் சுருங்கிய வடிவில் வாழ்கிறது, ஊர்ப்பெயராக. ஆனால் அது ஒரே ஒரு பெயர். மன்னன் மாற்றி எழுதிய விளையோ ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது.

ஏன் இவ்வளவு விளை என்பதற்கு நிலத்தின் அமைப்பே பதில் சொல்லும். நெய்யாற்றுக்கும் குழித்துறை ஆற்றுக்கும் இடைப்பட்ட நாடு சமவெளியும் அல்ல, மலையும் அல்ல. ஏற்றமும் இறக்கமுமாக அலையடிக்கிற சரல்மண் பூமி. இறக்கத்தின் அடியில் தண்ணீர் நிற்கும்; அங்கே நெல். அந்த வயல்நீட்சிக்குப் பெயர் ஏலா. அதன் இரு கரையிலும் ஏறிப் போகிற சரிவுதான் விளை. அங்கே பனை, தென்னை, பலா, அயனி, புளி, கொல்லாமாவு, மரத்தைச் சுற்றிப் படர்ந்த நல்லமிளகு, இடையில் வாழை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய பிறகு மரச்சீனி. வீடும் அங்கேதான். வயலில் யாரும் வீடு கட்ட மாட்டார்கள். அதனால்தான் நெல்வயலுக்குப் பெயர் இருந்தும் அது யாருடைய பெயராகவும் ஆகவில்லை. உண்ணும் சோறு ஏலாவிலிருந்து வந்தது. பெயர் விளையிலிருந்து வந்தது.

அதே சரிவில் மரங்களும் பெயர் கொடுத்தன. பனச்சமூடு, புன்னமூடு, மஞ்சாலுமூடு என்ற பெயர்களில் உள்ள மூடு, மரத்தின் அடி. நிலம் மூலையாக மடிகிற இடம் கோணம்: காரக்கோணம், செறுவாரக்கோணம். இந்தப் பெயர்களை எல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டு போனால் ஒரு நிலநூல் புத்தகமே கையில் கிடைத்துவிடும்.

அமரவிளையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அமரர், சமர் என்றெல்லாம் பெரிய பெயர்களை நோக்கி இழுக்கத் தோன்றும் ஊர் அது. மலையாளத்தில் அமர என்பது நம் அவரை. இஞ்சி விளைந்தது இஞ்சிவிளை. அதே பாதையில் சில கிலோமீட்டர் வடக்கே அவரை விளைந்தது அமரவிளை. தேவர்களையும் போரையும் கொண்டுவருவதைவிட, பந்தலில் காய்த்த அவரையைக் கொண்டுவருவதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஊர்ப்பெயரை ஆராய்கிறவர்களுக்கு எப்போதும் ராஜாவும் ரிஷியும் வேண்டியிருக்கிறார்கள். உழுதவனும் அவன் போட்ட விதையும் போதாதா?

விளாகம் என்ற சொல்லையும் இங்கே பிரித்து வைக்க வேண்டும். திருவனந்தபுரத்திலும் நெய்யாற்றின்கரையிலும் கிழக்கேவிளாகம், புல்லுவிளாகம் என்ற வீட்டுப்பெயர்கள் ஏராளம். விளையும் விளாகமும் ஒன்றே என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். தமிழ்க் கல்வெட்டுகளில் கோயிலைச் சூழ்ந்த பகுதி திருமடைவிளாகம்; வளாகம் என்பது அதன் உடன்பிறப்பு. வளைத்துச் சூழப்பட்ட இடம் விளாகம், விளைகிற இடம் விளை. ஒன்று வேலியைப் பார்த்து வைத்த பெயர், மற்றது மண்ணைப் பார்த்து வைத்த பெயர். புல்லுவிளையும் புல்லுவிளாகமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தாலும் பெயர் வைத்தவர்கள் பார்த்தது வேறு வேறு.

நிலத்தின் பெயரால் ஆளை அழைப்பது நம் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள வெஸ்ட்ஃபாலியாவின் விவசாயிகள் நூற்றாண்டுகளாக இப்படித்தான் வாழ்ந்தார்கள். அங்கே பண்ணைக்குத்தான் பெயர். பண்ணையின் வாரிசு ஒரு பெண்ணாக இருந்து, அவளைக் கட்டிக்கொண்டு ஒருவன் அங்கே வந்து குடியேறினால், அவன் தன் பிறந்த வீட்டுப் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் ஒரு பெயர், தம்பி இன்னொரு பெயர். தேவாலயப் பதிவேடுகளில் பாதிரியார்கள் இன்னார் கெனாண்ட் இன்னார் என்று எழுதி வைத்தார்கள். கெனாண்ட் என்றால் எனப்படும். 1822-இல் பிரஷ்ய அரசு, அனுமதி இல்லாமல் பெயரை மாற்றக் கூடாது என்று ஆணையிட்ட பிறகும் அந்த வழக்கம் சட்டென்று நிற்கவில்லை.

பெயர்களின் உள்ளே போனால் நம் ஊர்த் தெருவில் நடப்பது போலவே இருக்கும். ஹோல்ட்காம்ப், நீகாம்ப் என்ற பெயர்களில் உள்ள காம்ப், வேலியிட்ட வயல். காம்புஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் இன்று கல்லூரி வளாகம் என்று மொழிபெயர்க்கிற கேம்பஸும் அதே காம்புஸ்தான். ஹோல்ட் என்றால் காடு. ஆக ஹோல்ட்காம்ப் குடும்பத்தார் நம் கணக்கில் காட்டுவிளாகத்துக்காரர்கள். மேயர் என்ற பெயர் பண்ணை மேற்பார்வையாளரைக் குறித்தது. கோட்டர் என்ற பெயர் சிறு குடிசையும் அதை ஒட்டிய துண்டு நிலமும் மட்டும் உடையவனைக் குறித்தது.

அந்தக் கோட்டர் பெயரை ஒட்டி ஒரு வழி அமெரிக்காவுக்குப் போகிறது. வெஸ்ட்ஃபாலியாவின் லாட்பெர்கன் என்ற ஊரிலிருந்து ஃபிரீட்ரிஷ் கோட்டர் என்ற இளைஞன் 1864-இல் கப்பலேறி, ஓஹையோ மாநிலத்தின் நியூ நாக்ஸ்வில் பகுதிக்கு வந்து விவசாயம் செய்தான். அங்கே குடும்பப்பெயர் கேட்டர் என்று திரிந்தது. அவனுடைய பேத்தி வயோலா எங்கெல். வயோலாவின் மகன் நீல் ஆம்ஸ்ட்ராங், 1969-இல் நிலவில் கால் வைத்தவர். லாட்பெர்கனில் குடிசையையும் துண்டு நிலத்தையும் சொன்ன பெயர், ஓஹையோவில் ஓசை மட்டும் ஆயிற்று. கோட்டர் என்றால் என்ன என்று அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய தேவையே இல்லை. பண்ணையோடு மாறிக்கொண்டிருந்த பெயர், பண்ணையை விட்டதும் இறுகிப்போய்த் தலைமுறைகளுக்கான குடும்பப்பெயராக நின்றுவிட்டது. அமெரிக்காவில் தங்கள் வெஸ்ட்ஃபாலிய முன்னோரைத் தேடுகிறவர்கள் இன்றும் இடறி விழும் இடம் இதுதான். கொள்ளுத்தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் ஏன் வேறு வேறு குடும்பப்பெயர்? இந்தக் கேள்வியைக் கேட்டால் நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவருக்கு எந்தத் திகைப்பும் வராது. "அவரு மேலேவிளை, தம்பி பெண்ணு கெட்டின இடத்துல போயி இருந்தாரு, அதனால அவரு பிலாவிளை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

ஒரே வழக்கம், ஆனால் எதிர்த்திசை. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணையைப் பங்கு போடுவதில்லை. ஒரே ஒரு வாரிசுக்கு முழுசாகப் போகும். மற்றப் பிள்ளைகள் கையில் கொஞ்சம் பணத்தோடு வெளியே வர வேண்டும், இல்லையென்றால் அதே பண்ணையின் மூலையில் ஹொயர்லிங் என்னும் குத்தகைக் கூலியாகக் கிடக்க வேண்டும். அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் பெரும்பகுதி இந்த நிலமற்ற ஹொயர்லிங்குகளும் வாரிசாக முடியாத பிள்ளைகளும். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாடுகளிலிருந்து அமெரிக்கா போனவர்கள் 50 லட்சத்துக்கும் குறையாது. அதில் வெஸ்ட்ஃபாலியாவின் பங்கு இப்படி உண்டானது. அங்கே நிலம் உடையவில்லை, குடும்பம் உடைந்து கடல் தாண்டியது. பாறசாலைப் பக்கத்திலோ பிள்ளைகள் வீட்டைச் சுற்றியே நின்றார்கள், விளைதான் உடைந்தது. ஒவ்வொரு உடைப்பிலும் ஒரு பெயர் பிறந்தது.

ஒரு பழைய பாகப் பிரமாணத்தை விரித்தால் இந்த உடைப்பைக் கண்ணால் பார்க்கலாம். முத்திரைத்தாளின் தலைப்பில் கொல்லம் ஆண்டு. உள்ளே எல்லை சொல்கிற பகுதி: கிழக்கே இன்னாருக்குப் பாகம் வைத்த மேலேவிளை, தெற்கே ஏலாவுக்குப் போகும் கையாலை (எல்லைச்சுவர்), மேற்கே கொல்லன்விளை, வடக்கே இடவழி. இதற்குட்பட்ட புரையிடத்தில் நிற்கும் தென்னை இத்தனை மூடு, பலா இத்தனை மூடு. அண்ணனுக்கு மேற்சரிவு கிடைத்தால் அவன் வீடு மேலேவிளை. தம்பிக்குக் கீழ்ச்சரிவு, அவன் கீழேவிளை. மூன்றாமவன் கிழக்கே ஒரு வீடு எழுப்பினால் அது கிழக்கேவிளைப் புத்தன்வீடு. அவன் மகன் ஒரு வீடு கட்டினால் அதுவும் புத்தன்வீடு. நூறு வயதான, ஓடு சரிந்த வீட்டுக்கும் புத்தன்வீடு என்றே பெயர், ஏனென்றால் கட்டியபோது அது புதிது. ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் தம் நாவலுக்குப் புத்தம் வீடு என்று பெயர் வைத்தபோது, வெளியூர் வாசகருக்கு அது ஒரு புதிய வீடு. எங்கள் பக்கத்தாருக்கோ அது பழைய குடும்பம்.

இந்தப் பெயர்களைப் பட்டியல்போல அடுக்கும்போது ஒரு கேள்வி வந்தே தீரும். விளை யாருடையது? நெடுங்காலம் விளையில் பாடுபட்டவன் கையில் விளை இல்லை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா (1729–1758) எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நிலப்பிரபுக்களை ஒடுக்கியபோது அவர்கள் நிலம் அரசின் பண்டாரவகை ஆயிற்று. அரசின் நிலத்தைப் பாட்டத்துக்கு எடுத்து மரம் வைத்தவனுக்கு மரத்தின் மேல் கொஞ்சம் உரிமை, மண்ணின் மேல் இல்லை. 1865-இல் வந்த பண்டாரப்பாட்ட விளம்பரம்தான் அதை மாற்றியது. பாட்டக்காரர் நிலத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம் என்று ஆனது. பனையேறிச் சேர்த்த காசில் நாடார் குடும்பங்கள் பனை நின்ற மண்ணையே வாங்கியது அதற்குப் பிந்திய கதை. வீட்டுப்பெயர்களில் உள்ள பனவிளைகளில் பலவும் அப்படிக் கைக்கு வந்தவை. மரத்தில் ஏறியவனின் பேரன் மரத்தின் பெயரை வீட்டுப்பெயராகச் சொல்லிக்கொள்ள முடிந்ததில் எனக்கு இன்றும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

1880-களில் தொடங்கிய நிலஅளவையும் தீர்வையும் விளைகளுக்குச் சர்வே எண் கொடுத்தன. நாயர் தறவாடுகளில் பாகம் வைக்கும் உரிமையை 1925-இன் நாயர் சட்டம் பரவலாக்கியது. அங்கும் விளைகள் பெருகத் தொடங்கின.

எல்லாருக்கும் விளை கிடைத்துவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-இல். விடுதலை பெற்ற புலையர், பறையர் குடும்பங்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. அடுத்தவன் விளையின் மூலையில் குடிலைக் கட்டிக் குடிகிடப்பாகக் கிடந்தார்கள். அவர்களையும் விளைப்பெயரால்தான் அழைத்தார்கள், ஆனால் அது உடமைக்காரனின் விளை. "மேலேவிளையில கெடக்கிறவன்" என்ற பேச்சுக்கும் "மேலேவிளை ஆளு" என்ற பேச்சுக்கும் நடுவில் ஒரு முழு வாழ்க்கையின் வேறுபாடு இருக்கிறது. வெஸ்ட்ஃபாலியாவின் ஹொயர்லிங்குக்கு அமெரிக்காவில் நிலம் காத்திருந்தது. நம் குடிகிடப்புக்காரருக்குக் கப்பலும் இல்லை, காத்திருந்த நிலமும் இல்லை. திருத்தப்பட்ட கேரள நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான், குடிலிருந்த இடத்தைப் பஞ்சாயத்துப் பகுதியில் பத்து சென்ட் வரை தனக்கு எழுதி வாங்கும் உரிமை வந்தது. 1972-இல் அமைச்சர் எம். என். கோவிந்தன் நாயரின் முயற்சியில் லட்சம்வீடு திட்டம் தொடங்கியது. அந்தக் குடியிருப்புகள் இன்றும் லட்சம்வீடு என்றே அறியப்படுகின்றன. பத்து சென்டில் எழுந்த பல வீடுகளுக்கு ரோடரிகத்து வீடு என்று பெயர். சாலையோரம் கிடைத்த இடம், அதனால் அந்தப் பெயர். விளை என்று முடியாத இந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தால்தான் விளைப்பெயர்களை முழுசாகப் படித்தவராவோம்.

மதமாற்றம் இந்தப் பெயர்களைத் தொடவில்லை. பிரஷ்யாவில் பிறந்த ரிங்கல்தௌபே லண்டன் மிஷனின் சார்பில் 1806-இல் தென்திருவிதாங்கூருக்குள் வந்தார். நம் மண்ணுக்கு வந்த அந்த ஜெர்மானியரின் பெயரிலும் ஒரு பொருள் இருந்தது: கழுத்தில் வளையமிட்ட காட்டுப்புறா. அவருக்குப் பிறகு வந்த மிஷனரிகள் நெய்யூரையும் பாறசாலையையும் மையமாக வைத்து ஊர் ஊராகச் சபைகளை அமைத்தார்கள். ஞானஸ்நானத்தில் ஆளின் பெயர் மாறும். ஏசுவடியான் ஆவார், ஞானமுத்து ஆவார், மேரி ஆவார். பெயருக்கு முன்னால் உள்ள விளை அப்படியே நிற்கும். ஒரே விளையில் ஒரு கிளை சபைக்குப் போயிருக்கும், மறு கிளை குலதெய்வத்துக்கு விளக்கு வைக்கும். விளைப்பெயரைக் கேட்டதும் இருவரும் பங்காளிகள் என்று தெரிந்துவிடும்.

மொழிவாரி மாநிலங்கள் பிறந்த 1956 நவம்பர் 1 ஆளைத் தொடவில்லை, பெயரின் கடைசி எழுத்தைத் தொட்டது. விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் சுடப்பட்டு இறந்தவர்கள் கேட்டது முழுமையாகக் கிடைக்கவில்லை. எல்லை ஏலாக்களின் குறுக்கே, இடவழிகளின் குறுக்கே, சில இடத்தில் விளையின் குறுக்கேயே போனது. பனச்சமூட்டில் சாலையின் ஒரு பக்கத்துக் கடை கேரளம், மறுபக்கத்துக் கடை தமிழ்நாடு.

தமிழில் ஐகாரத்தில் முடியும் சொல் மலையாளத்தில் அகரத்தில் முடியும் என்பது இரு மொழியும் அறிந்தவருக்குத் தெரியும்: மலை, மல, தலை, தல, வாழை, வாழ. பெயர்ப்பலகைகள் இதை அரசாணையாக்கின. தெற்கே களியக்காவிளை, வடக்கே களியிக்காவிள. ஆங்கில எழுத்தில் எழுதும்போதும் ஒரு பக்கம் ஐ உண்டு, மறுபக்கம் இல்லை. ஒரே பாட்டனின் இரு பேரன்கள் ஆவணத்தில் ஒருவர் தெக்கேவிளை, மற்றவர் தெக்கேவிள. வேறு ஒரு மாற்றமும் நடந்தது, இதைவிட ஆழமானது. கேரள வாக்காளர் பட்டியலில் வீட்டுப்பெயருக்கு இடம் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் கதவு எண்ணும் தகப்பன் பெயரும்தான். அதனால் பாறசாலைப் பக்கத்தில் விளை அரசின் தாளில் வாழ்கிறது. விளவங்கோட்டுப் பக்கத்தில் அது கல்யாணப் பத்திரிகையிலும் கல்லறையிலும் மட்டும் வாழ்கிறது. தமிழ்ப்பெயரைத் தாளில் காப்பாற்றி வைத்திருப்பது கேரளப் பட்டியல் என்பதை மொழிப்போராட்ட மரபில் வளர்ந்தவர்கள் மனத்தாங்கல் இல்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விளை எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் தொடர்ந்து போவதும் பயனுள்ளது. கிழக்கே தாமிரபரணிப் பக்கம் பண்ணைவிளை, பண்டாரவிளை. பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் அம்மாண்டிவிளை, இலவுவிளை. எல்லை தாண்டி இஞ்சிவிளை, அமரவிளை, கடற்கரையில் புல்லுவிளை. திருவனந்தபுரம் நகரத்துக்குள் பனவிளை, கொல்லம் நகரத்தில் தெக்கேவிளை. அதற்கு வடக்கே போகப் போக விளை மெலிந்து பறம்பு தடிக்கிறது. தோட்ட நிலத்துக்கு மத்திய கேரளத்தின் சொல் பறம்பு. வீட்டுப்பெயர் பறம்பில், புத்தன்பறம்பில். சங்க காலத்தில் பாரியின் மலைக்குப் பெயராக இருந்த சொல் அங்கே வீட்டுத் தோட்டமாகச் சரிவிறங்கி வந்திருக்கிறது.

இந்த இரண்டு சொல்லும் எதிரெதிரே சந்திக்கிற இடமும் நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கேதான், மலையடிவாரத்து அம்பூரியில். மீனச்சில் பக்கத்திலிருந்து வந்த சுரியானிக் கத்தோலிக்க விவசாயிகள் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே காடு திருத்திக் குடியேறினார்கள். மிளகும் ரப்பரும் போட்டார்கள். வெஸ்ட்ஃபாலியர் ஓஹையோவுக்குப் பெயரைக் கொண்டுபோனதுபோல அவர்களும் வீட்டுப்பெயரை மூட்டையோடு கொண்டுவந்தார்கள். விட்டுவந்த பறம்பின் பெயரைப் புதிய மலையிலும் வைத்துக்கொண்டார்கள். மலைக்குக் கீழே வெள்ளறடையில் பெயர் நிலத்தைத் தேடிப் போகிறது. மலைமேல் அம்பூரியில் பெயர் ஆளோடு வந்திருக்கிறது. குடியேறிகளையும் மண்ணோடு நின்றவர்களையும் பிரித்தறிய வீட்டுப்பெயரின் வால் போதும்.

கேட்பதற்கு ஒன்றுபோல இருப்பதால் ஒரு குழப்பம் இப்போது புதிதாக வந்திருக்கிறது. கட்டட நிறுவனங்கள் விளைகளை வாங்கிக் கல்மதில் கட்டி, வரிசையாக வீடுகள் எழுப்பி வில்லா என்று பெயர் வைக்கின்றன. விளை, வில்லா என்று ஊர்க்காரர் வாயில் இரண்டும் நெருங்கி வருகின்றன. வில்லா லத்தீன் சொல். பண்ணை வீடு என்பது அதன் பழைய பொருள். பொருளும் ஓசையும் இவ்வளவு ஒட்டி வந்தாலும் இரண்டு சொல்லுக்கும் உறவில்லை. சொல்லாராய்ச்சியில் இப்படிப்பட்ட ஒற்றுமைகளைக் கண்டதும் கை நீட்டிப் பிடித்துவிடாமல் இருக்கப் பழக வேண்டும். தமிழிலிருந்து லத்தீன் வந்தது என்று எழுதி மகிழ்கிறவர்கள், தங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள உண்மையான விளையின் பெயரை எழுதி வைக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எழுதி வைக்க அவகாசம் அதிகம் இல்லை. கேரளத்தில் 2022 நவம்பர் 1 முதல் டிஜிட்டல் மறுஅளவை நடக்கிறது. செயற்கைக்கோளின் துணையோடு ஒவ்வொரு துண்டு நிலத்தின் மூலையும் எண்ணாக மாறுகிறது. கையாலையும் இடவழியும் மாமரமும் எல்லை சொன்ன காலம் முடிகிறது. எல்லைத் தகராறு குறையும் என்றால் நல்லதுதான், எனக்கு அதில் மாற்றுக்கருத்து இல்லை. தமிழ்நாட்டிலும் பட்டா கணினிக்குப் போய்விட்டது. இரண்டு மாநிலத்தின் கணினியிலும் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, உடமையாளர் பெயர் உண்டு. விளையின் பெயருக்குக் கட்டம் இல்லை.

ஆகவே பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு பக்கத்தில் குடும்ப வரலாறு எழுத நினைப்பவர்கள் முதலில் வம்சாவளி மரம் வரைய உட்காராதீர்கள். வீட்டில் உள்ள பாகப் பிரமாணங்கள், ஒற்றி ஓலைகள், கரம் அடைத்த ரசீதுகள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மலையாண்மை எழுத்தில் இருந்தால் படிக்கத் தெரிந்தவர்கள் திருவனந்தபுரத்தில் இன்னும் இருக்கிறார்கள். நான்கு எல்லையில் சொல்லப்படும் விளைப்பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். உங்கள் விளையைவிட அண்டை விளைகளின் பெயர்கள்தான் கூடுதல் செய்தி சொல்லும், ஏனென்றால் அண்டையில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் பிரிந்துபோன உறவினர். சபைப் பதிவேட்டில் கல்யாணப் பக்கத்தைப் பாருங்கள். இரு வீட்டு விளையும் அங்கே இருக்கும். அப்புறம் எண்பது தாண்டிய ஒரு பாட்டியை விளைக்குள் கூட்டிப் போங்கள், வீட்டுத் திண்ணையில் வைத்துக் கேட்காதீர்கள். நடக்கும்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வரும்: இந்தக் கையாலைக்கு அப்பால் தட்டான்விளை, அது முன்னால் நமக்கு இருந்தது, சின்னப் பாட்டா வித்தது, வாங்கினவன் இப்போ ரப்பர் போட்டிருக்கான். தேதி கேட்க வேண்டாம். எந்த மரம் நின்றது, யார் அதில் ஏறினார், கொட்டையும் ஓலையும் யார் வீட்டுக்குப் போனது என்று கேளுங்கள். குடிலில் கிடந்தவர்கள் யார், அவர்கள் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.